கிரேக்கத்தில் வணக்கம் சொல்லும் முன்: 'ஸு'வா, 'ஸஸ்'ஸா?

கிரேக்கம் கற்கத் தொடங்குவோருக்குப் பாடம் நடத்தும் நான், முதல் வாரத்திலேயே திருத்த நேரும் பிழை உச்சரிப்பில் அல்ல, மரியாதையில்தான் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 'யா ஸு' என்றால் வணக்கம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள், ஏதென்ஸில் வீட்டு உரிமையாளரான மூதாட்டியிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் அதையே சொல்லிவிடுகிறார்கள். 'ஸு' நம் 'நீ'க்கு இணையானது. முன்பின் அறியாதவரிடமும் மூத்தவரிடமும், எதிரில் பலர் இருந்தாலும், 'யா ஸஸ்' என்றே சொல்ல வேண்டும். பன்மையையே மரியாதைக்கும் வழங்கும் வழக்கம் தமிழிலும் இருப்பதால், ஆங்கிலத்தின் வழியே யோசிப்பதை நிறுத்தினாலே இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். உடல்நலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இந்த 'யா', சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் பொருந்தும்.

காலையில் 'கலிமேர', பிற்பகலிலிருந்து 'கலிஸ்பேர'. 'கலினீஹ்த' என்பதை இரவில் பிரியும்போது மட்டுமே சொல்வார்கள். அழுத்தம் விழும் உயிரை இங்கு நெடிலாக எழுதியிருக்கிறேன். அதை அலட்சியம் செய்யக் கூடாது, ஏனெனில் 'போதெ' என்றால் 'எப்போது', 'பொதே' என்றால் 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்.

அறிமுகத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். 'மெ லேனெ' என்பதன் நேர்ப்பொருள் 'என்னை அழைக்கிறார்கள்' என்பதால், பெயரும் இரண்டாம் வேற்றுமை ஏற்க வேண்டும்: யோர்கொஸ் என்பவர் 'மெ லேனெ யோர்கொ' என்பார். அவரை அழைக்கும்போதும் இறுதி 'ஸ்' நீங்கி 'யோர்கொ' ஆகும். அலேக்ஸன்த்ரொஸ் 'அலேக்ஸன்த்ரெ' ஆவார். முருகனை 'முருகா' என்று விளிக்கும் நமக்கு, விளி வேற்றுமை புதியதல்ல என்பதை நினைவூட்டியதும் வகுப்பில் முகங்கள் மலர்வதை ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். பெயரைக் கேட்க 'போஸ் ஸஸ் லேனெ', பதிலுக்கு மகிழ்ச்சி தெரிவிக்க 'ஹேரொ பொலீ' போதும். நலம் விசாரிக்க, மரியாதையாக, 'தி கானெதெ', நன்றிக்கு 'எஃப்ஹரிஸ்தோ'.

'நே' என்றால் 'ஆம்', 'ஓஹி' என்றால் 'இல்லை'. ஆங்கிலமோ இந்தியோ பழகிய காது 'நே'யை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். கிரேக்கர் ஒருவர் பேசாமலே தலையை மேல்நோக்கி நிமிர்த்திப் புருவம் உயர்த்தினால், அவர் 'இல்லை' என்கிறார். தொலைவிலிருந்து வணக்கம் தெரிவிப்பவர், ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டிவிடக் கூடாது. கிரேக்கர்களிடம் அது 'மூன்ட்ஸ' எனப்படும் கடுமையான அவமதிப்பு.