பனிச்சறுக்கு வண்டியா, பனியூர்தியா?

'மின்சாரப் பனிச்சறுக்கு வண்டி' என்னும் தொடரை இந்தக் குளிர்காலத்தில் தொலைக்காட்சியிலும் கைப்பேசிச் செய்திகளிலும் கண்டு கண்டு சலித்துவிட்டது. பனி மூடிய தரையில் ஏறி ஓட்டிச் செல்லும் ஸ்னோமொபைல் என்னும் வண்டியைத்தான் இப்படி எழுதுகிறார்கள்; பனியூர்தி என்பதே பொருத்தம் என்பது என் கட்சி. பெட்ரோலுக்குப் பதிலாக மின்கலத்தில் ஓடும் புதிய வகை வந்திருக்கிறது, அதன் நிறைகுறைகளைப் பார்ப்போம் என்று தொடங்கும் கட்டுரை, அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதையே தலைப்பில் பிழையாகச் சொல்லிவிடுகிறது. தலைப்போடு போயிற்று என்றால் விட்டுவிடலாம். இந்தப் பிழை உள்ளே புகுந்து, மின்வண்டியின் குறை எங்கே இருக்கிறது என்பதையே மறைத்துவிடுவதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

சொல்லின் பிறப்பை விரைந்து சொல்லிவிடலாம். ஸ்னோ என்பது வானிலிருந்து மென்துகளாக விழும் வெண்பனி. மொபைல் என்பது 'நகரக்கூடியது' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் வழி வந்தது; ஆட்டோமொபைலுக்கு வாலாக இருந்ததை வெட்டி இங்கே ஒட்டினார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து விர்ஜில் ஒயிட், ஃபோர்டு மாடல் டி காரைப் பனியில் ஓட்டுவதற்காகச் சறுக்குக் கட்டைகளும் பட்டைகளும் கொண்ட ஓர் இணைப்பை உருவாக்கி 1917-இல் காப்புரிமை பெற்றார்; அதற்கு அவர் வைத்த பெயரே ஸ்னோமொபைல். இன்றைய வடிவத்துக்கு வழிகோலியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய சாலையைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றித் தம் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர் அவர். 1937-இல் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த இயக்க அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959-இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய ஸ்கி-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வழக்கு முழுவதும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. சறுக்குதல் என்றால் என்ன? பிடிமானம் இல்லாத பரப்பில், தன் எடையாலோ முன்பு பெற்ற வேகத்தாலோ வழுக்கிச் செல்வது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். யானை தானாக விரும்பிச் செய்யும் செயல் அன்று அது. சரிவில் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கும் விளையாட்டுக்குப் பனிச்சறுக்கு என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஸ்னோமொபைலோ பனியைப் பற்றி, உதைத்து, பின்னுக்குத் தள்ளி முன்னேறுவது. அதன் அடியில் அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டையின் வெளிப்புறத்தில் வரிசையாக நிற்கும் முகடுகள் பனிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. மூணாற்றில் கேப் ரோட்டில் மண் சரிந்தால் அள்ள வருமே ஹிட்டாச்சி, அதன் இரும்புச் சங்கிலிப் பட்டை சேற்றைப் பற்றி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஹிட்டாச்சி மலையில் சறுக்குகிறது என்று யாராவது சொன்னால் நாம் ஓட்டுநரின் உயிருக்கு அஞ்சி ஓடுவோம்.

வண்டியின் முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள் இருக்கின்றனவே என்று பனிச்சறுக்குக் கட்சியினர் கேட்பார்கள். இருக்கின்றன. ஆனால் அவை திருப்புவதற்கும் முன்பாரத்தைத் தாங்குவதற்கும் உரியவை; வண்டியைச் செலுத்துபவை அல்ல. ஒரு வண்டிக்குப் பெயர் வைக்கும்போது செலுத்தும் உறுப்பை விட்டுவிட்டுத் திருப்பும் உறுப்பைப் பிடித்துக்கொள்வது என்ன முறை? பின்னிஷ் மொழியில் மோட்டார்ச் சறுக்குவண்டி என்னும் பொருளில்தானே பெயர் இருக்கிறது என்று இன்னொரு வாதமும் வரும். உண்மைதான். கலைமான் இழுத்த சறுக்குவண்டியைப் பல தலைமுறைகளாகக் கண்டவர்கள், அதன் இடத்துக்கு வந்த இயந்திரத்தைப் பழைய பெயரோடு மோட்டாரைச் சேர்த்து அழைத்தார்கள். தேவிகுளத்திலோ போடிமெட்டிலோ அப்படி ஒரு முன்வண்டி நமக்கு இருந்ததில்லை. உருசியர்களைப் பாருங்கள்: 'சினெகஹோத்' என்கிறார்கள், பனியில் செல்வது என்று பொருள். அவ்வளவுதான், குழப்பமே இல்லை.

சொல் பிழைத்தால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு மின்வண்டியே மறுமொழி. சறுக்கு என்று படித்த வாசகர், உராய்வே இல்லாமல் வழுக்கிப் போகும் வண்டிக்குக் கொஞ்சம் மின்சாரம் போதுமே என்றுதான் நினைப்பார். நடப்பது நேர்மாறு. ஆழ்ந்த பனியைக் கிளறி முன்னேறுவதற்குத் தார்ச்சாலையில் சக்கரம் உருளுவதைக் காட்டிலும் மிகுதியான ஆற்றல் தேவை. விசையை விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகாது. பனியின் தடை பிடித்து நிறுத்திவிடும். ஆகவே சாலை மின்கார்கள் இறக்கத்திலும் நிறுத்தத்திலும் மின்கலத்துக்கு மீட்டுக்கொள்ளும் ஆற்றலில் பெரும்பகுதி இங்கே கிடைப்பதில்லை. பொம்பார்டியேயின் வழிவந்த பிஆர்பி நிறுவனம் வெளியிட்ட மின் ஸ்கி-டூ ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் செல்லும் என்றுதான் அந்நிறுவனமே சொன்னது. வழிகாட்டியோடு செல்லும் குறுகிய சுற்றுலாக்களுக்கு என்று சொல்லியே கொடுத்தது. மான்ட்ரியாலின் டைகா நிறுவனம் இதைவிடக் கூடுதலான தொலைவு செல்லும் வண்டிகளைச் செய்து பெயர் பெற்றது. ஆயினும் 2024-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது.

குளிர் வேறு சேர்ந்துகொள்கிறது. லித்தியம் மின்கலம் குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை வெளிவிடாது. சுழியம் பாகைக்கு (0° செல்சியஸ்) கீழே அப்படியே மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலமே கெடும். எனவே முதலில் அதைச் சூடாக்க வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆளில்லாக் காட்டின் நடுவே பெட்ரோல் தீர்ந்தவருக்கு நண்பர் ஒரு கேனில் கொண்டுவந்து தரலாம். மின்சாரத்தை எந்தக் கேனில் கொண்டுபோவது?

நன்மைகளும் சிறியவை அல்ல. பழைய இருவீச்சுப் பொறி (டூ ஸ்ட்ரோக் எஞ்சின்) எண்ணெயும் பெட்ரோலும் கலந்து எரிப்பது, அதிலும் ஒரு பங்கை எரிக்காமலே புகைக்குழாய் வழியே தள்ளுவது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இந்தப் புகையையும் இரைச்சலையும் பற்றி ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது. நுழைவாயில் காவலர்கள் சுவாசக் கவசம் அணிந்து நின்ற காலமும் உண்டு. மின்வண்டியில் புகை இல்லை; பட்டையின் ஓசையும் காற்றின் ஓசையும் மட்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து பெட்ரோல் பொறி திணறும். மின்னோடிக்கு (மின் மோட்டாருக்கு) அந்தத் திணறல் இல்லை. காலையில் புறப்பட்டு மாலையில் அதே கொட்டகைக்குத் திரும்பும் பனிவிளையாட்டுத் தலங்களின் பணியாளர்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மீட்புப் பணிக்கும் நெடும்பயணத்துக்கும் இன்னும் பெட்ரோல்தான்.

மற்றொரு போட்டிச் சொல் 'பனி உந்துருளி'. தூய தமிழ் என்னும் பெருமிதத்தோடு உலவுவது. உந்துருளி இருசக்கர வண்டிக்கு நல்ல பெயர். உருளும் சக்கரம் இருப்பதால் உருளி. ஸ்னோமொபைல் தரையில் ஊன்றும் இடத்தில் சக்கரமே இல்லை. தமிழ் வேர் இருந்தால் போதும், பொருள் எப்படியும் போகட்டும் என்பது எனக்கு உடன்பாடன்று. அதைவிட ஸ்னோமொபைல் என்று அப்படியே எழுதுவது நேர்மையானது. மேலும் எங்கள் தமிழக-கேரள எல்லைப் பக்கத்தில் உருளி என்றால் பாயசம் காய்ச்சும் வெண்கலப் பாத்திரம். பனி உருளி என்றால் ஆறிப்போன பாயசத்தைத்தான் நினைப்போம்.

இங்கே பனி என்னும் சொல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். வானிலிருந்து விழுவது மஞ்ஞு. எஸ்டேட் லயத்தில் தமிழர் 'இன்று நல்ல பனி' என்றால் அடுத்த வீட்டு மலையாளி மாத்திரை எடுத்து வரக்கூடும். தமிழிலேயே பனி என்பது புல்நுனித் துளியையும் மூடுபனியையும், சனவரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியையும் குறிக்கிறது. அதனால் சிலர் 'வெண்பனி ஊர்தி' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் தேவையுமில்லை. 'வடாஅது பனிபடு நெடுவரை' என்று புறநானூறு இமயத்தைச் சொன்னபோது அந்தப் பனி எந்தப் பனி என்று யாரும் கேட்கவில்லை. வண்டி செல்லத்தக்க பனி ஒன்றே ஒன்றுதான்; புல்நுனித் துளியின் மேல் யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

பனியூர்தி என்னும் சொல்லில் ஊர்தி என்பதே சிறந்த பாதி. ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல், புறநானூற்றின் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்பதில் உள்ளது போல. ஊர்தல் என்றால் நிலத்தை ஒட்டி நகர்தலும் ஆகும்; எறும்பும் பாம்பும் ஊர்கின்றன. ஏறிச் செல்பவரையும் தரையோடு ஒட்டி நகரும் பட்டையையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கே இந்த வளம் கிடையாது. காஷ்மீரின் குல்மார்க் போய் வந்த நம் ஆட்கள் 'ஸ்னோ பைக்' என்று சொல்வதையும் நான் குறை கூற மாட்டேன், அது பேச்சு. அச்சில் எழுதுபவர்களுக்குத்தான் பொறுப்பு கூடுதல்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் மட்டுமா பிழை? அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் வண்டிக்குப் பின்னால் 'ரப்பர் பாதை' இருந்தது; பட்டையைக் குறிக்கும் 'டிராக்' இப்படி ஆகியிருக்கிறது. செல்லும் தொலைவைக் குறிக்கும் 'ரேஞ்ச்' என்னும் சொல்லுக்கு 'வரம்பு 50 கிலோமீட்டர்' என்றும் இருந்தது. வயலுக்கு வரம்பு உண்டு, வேகத்துக்கு வரம்பு உண்டு. இந்த வரியைப் படிப்பவர் மணிக்கு ஐம்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது போலும் என்றே கொள்வார். 'ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு' என்று எழுத மூன்று சொற்கள் கூடுதலாகச் செலவாகும். அந்தச் சிக்கனத்தால்தான் இவ்வளவு குழப்பமும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், எழுதிய வரியைத் தமிழாக ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பாதிப் பிழை போய்விடும்.

எனவே பனியூர்தி; அதன் அடியில் சுற்றுவது பட்டை, முன்னால் இருப்பவை சறுக்குக் கட்டைகள், ஓட்டுபவர் பனியூர்தி ஓட்டுநர். மின்சாரத்தில் ஓடுவதை மின்பனியூர்தி என்று ஒரே சொல்லாகச் சேர்த்தால், மின்பனி என்று புதியதொரு பனி விழுவதாகத் தோன்றும். மின் பனியூர்தி என்று இடம் விட்டே எழுதுக.