இரண்டு கேமரா வைத்தால் பாதி நேரம் மிச்சமா?

அம்மாவும் மகளும் பேசுகிற நாலு நிமிடக் காட்சி. மகள் வீட்டை விட்டுப் போகப்போவதாகச் சொல்கிறாள். அம்மா கையில் இருக்கும் தண்ணீர் டம்ளரை மெல்ல மேசையில் வைக்கிறார். ஒரே கேமராவில் எடுத்தது. காலையில் மாஸ்டர் ஷாட், அதாவது இருவரும் தெரிய முழுக் காட்சியும் ஒரே ஷாட்டில்; பிறகு மகள் பக்கம், சாப்பாட்டு இடைவேளை, கடைசியாக அம்மாவின் குளோசப். மாஸ்டரில் மகள் சொல்லி முடித்த பிறகுதான் டம்ளர் கீழே போகிறது. குளோசப்பில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் அந்தக் குளோசப்பில்தான் அழுகை நிஜமாக வந்திருந்தது.

எடிட்டரான எனக்கு அன்றைய இரவு அந்த டம்ளரோடு போயிற்று. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி டம்ளரை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினேன். தோள் அசைவு காட்டிக்கொடுத்தது. கடைசியில் அந்த இரண்டு வினாடிக்கு மகளின் முகத்தை வைத்து, டம்ளர் மேசையில் படும் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டுத் தப்பித்தேன். பார்த்தவர்கள் "நல்ல கட்" என்றார்கள். சரி, இருக்கட்டும்.

இயக்குநர் அதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் என்னை இதை எழுத வைத்தது. "இனிமேல் ரெண்டு கேமரா. கன்டினியூட்டி தொல்லை இல்லை, நேரமும் பாதி." (ஒரு ஷாட்டில் நடந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே பொருந்துவதுதான் கன்டினியூட்டி.) அடுத்த ஷெட்யூலின் ஃபுட்டேஜ் வந்தபோது முந்தைய டம்ளரே தேவலாம் என்று ஆகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிங்கிள் கேமரா, மல்டி கேமரா என்பவை கேமராவின் எண்ணிக்கையைச் சொல்லும் பெயர்கள் போலத்தான் தெரியும். உண்மையில் அவை வேலை செய்கிற முறையின் பெயர்கள். சிங்கிள் கேமரா முறையில் ஒரு ஷாட்டை எடுத்து நிறுத்துகிறோம், லைட்டை மாற்றுகிறோம், அடுத்த ஷாட்டுக்குப் போகிறோம். அதில் இரண்டாவது கேமரா கூடவே ஓடினாலும் முறை மாறாது. மல்டி கேமராவில் காட்சி நாடக மேடையில் நடப்பதுபோல ஒரே மூச்சில் ஓடும். மூன்று நான்கு கேமராக்கள் தத்தம் இடத்திலிருந்து பிடிக்கும். கண்ட்ரோல் ரூமில் ஒருவர் ஸ்விட்சரை வைத்து எந்த நொடியில் எந்தப் படம் என்று அங்கேயே வெட்டிக்கொண்டு போவார், அல்லது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு வெட்டுவார்கள். எங்கே வெட்டுவது என்று ஒத்திகையிலேயே முடிவு செய்கிறோமா, பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்கிறோமா? வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

மல்டி கேமரா பிறந்தது கட்டாயத்தில். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ டேப் இயந்திரம் 1956இல்தான் வந்தது. அதற்கு முன் டிவி நாடகம் என்றால் பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. ஷாட்டை நிறுத்தி லைட் மாற்ற ஏது நேரம்? அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரைப் பார்வையாளர்கள் முன்னால், மூன்று 35 எம்எம் ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். 1927இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், இருளையும் நிழலையும் ஆண்ட மனிதர். அவரே இங்கே விளக்குகளை மேலே ஏற்றி, செட் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரப்பினார். எந்த கேமரா எங்கிருந்து பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தவும் முடியாது. அத்தனை பெரிய கலைஞரே நிழலை விட்டுக்கொடுத்துத்தான் மூன்று கேமராவை ஓட்டினார் என்பதைப் புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

நம் இயக்குநரின் ஃபுட்டேஜுக்கு வருவோம். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர். ஆளுக்கொரு கேமரா, எதிரும் புதிருமாக. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கேமரா இன்னொன்றின் ஃப்ரேமில் விழக்கூடாது, அதனால் இரண்டும் பக்கவாட்டில் ஒதுங்கின. பாதி முகம்தான் கிடைத்தது, ஒரு கண்தான் தெரிந்தது. குளோசப்பில் ஒரு கண் இல்லையென்றால் நடிப்பில் பாதி இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் விளக்கைக் கொண்டுவந்தால் எதிர் கேமராவில் ஸ்டாண்ட் தெரியும். ஆகவே விளக்குகள் தூரமாக, உயரமாகப் போய்விட்டன. கண்குழிகளில் நிழல், பின்சுவரில் தலையின் நிழல்.

ஒலி இன்னும் மோசம். சில இடங்களில் ஏ கேமரா வைடு, பி கேமரா குளோஸ் என்று ஒரே நேரத்தில் ஓட்டியிருந்தார்கள். வைடு ஃப்ரேமில் தெரியக்கூடாதென்று, நீளக் கழியில் பிடிக்கும் பூம் மைக் மேலே போய்விட்டது. குளோசப்பில் முகம் கைக்கெட்டும் தூரத்தில், குரலோ அறையின் மறுகோடியிலிருந்து வருகிறது. உடையில் மாட்டிய சின்ன மைக்கை நம்பலாம் என்றால் அதில் சேலை உரசும் சத்தம். படத்தை ஓரளவு சரிக்கட்டலாம், எதிரொலி ஏறிய வசனத்தைச் சரிக்கட்டுவது பெரும்பாடு. பூம் பிடிக்கிறவர் படப்பிடிப்பில் முனகினால் தயவுசெய்து ஒரு நிமிடம் காது கொடுங்கள்.

மல்டி கேமரா மட்டம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு நடிகர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சண்டை போடும் காட்சியை ஒரே கேமராவில் எடுத்துப் பாருங்கள். ஒருவர் பக்கம் எடுக்கும்போது அடுத்தவர் வசனம் மேலே விழக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்வார்கள். சண்டையில் யார் மரியாதையாக முறை வைத்துப் பேசுகிறார்கள்? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிவானால் அந்த மோதல் அப்படியே கிடைக்கும். கண்ணாடியை உடைப்பது, குழந்தை சிரிப்பது, அழுகை முதல் டேக்கிலேயே கொட்டிவிடுகிற நடிகர் என்று திரும்ப வராத எதற்கும் கூடுதல் கேமரா வேண்டும்.

எந்தத் தொடருக்கு எது சரிப்படும் என்பதும் இருக்கிறது. அமெரிக்க நகைச்சுவைத் தொடரான 'ஹேப்பி டேஸ்' முதல் இரண்டு சீசனும் பெரும்பாலும் ஒற்றைக் கேமராவில் ஓடி, 1975இல் பார்வையாளர்கள் முன்னால் பல கேமராவுக்கு மாறியது. மருத்துவமனைத் தொடரான 'ஈஆர்' இதற்கு நேர் எதிர்: வழக்கமாக சினிமா போலவே எடுக்கப்பட்ட அது, 1997 செப்டம்பரில் ஒரு பகுதியை நேரடியாக ஒளிபரப்பியது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு தடவை, மேற்குக்கு ஒரு தடவை. அன்றைக்குப் படத்தின் தோற்றம் மாறித்தானே தெரியும்? அதற்காகக் கதைக்குள்ளேயே ஒரு ஆவணப்படக் குழு மருத்துவமனைக்கு வந்திருப்பதாக எழுதிவிட்டார்கள். முறை மாறினால் கதையும் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று புரிந்தவர்கள் செய்த வேலை அது.

நேரக் கணக்குக்கு வருகிறேன், தயாரிப்பாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மூன்று கேமரா ஒரு மணி நேரம் ஓடினால் எனக்கு வருவது மூன்று மணி நேர ஃபுட்டேஜ். ஸ்விட்சரில் சரியாக வெட்டிக் கொடுத்திருந்தால் அதில் பாதியைத் தொடக்கூட வேண்டாம். ஒத்திகையே பார்க்காமல் "எல்லாத்தையும் ஓடவிடு, எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றால், படப்பிடிப்பில் மிச்சம் பிடித்த நேரம் அப்படியே என் அறைக்கு வட்டியோடு வந்து சேரும்.

சின்ன விஷயங்களும் கொல்லும். கேமராக்களுக்கு ஒயிட் பேலன்ஸ் (நிறத்தின் சாயல்), ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்), ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்) மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று காலையில் ஒருவர் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு கேமரா 25 ஃப்ரேமிலும் இன்னொன்று 24இலும் ஓடியிருந்தது. முதல் நிமிடத்தில் பொருந்திய உதடு, போகப் போக விலகிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஃப்ரேமோடும் பதிவாகும் நேர எண்ணான டைம்கோட் ஒத்திருந்தாலும், படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்குக் கிளாப் அடியுங்கள், எல்லா கேமராவுக்கும் தெரிகிற இடத்தில்.

எந்த முறையானாலும் இரண்டு நடிகர்களுக்கு நடுவே ஓடும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் கேமராக்கள் இருக்க வேண்டும். ஒற்றைக் கேமராவில் கோடு தாண்டினால் யாராவது கவனித்துச் சொல்ல நேரம் இருக்கும். பல கேமராவில் நடிகர் எழுந்து நடந்த மறுகணமே கோடும் கூடவே நகர்ந்துவிடும். கோட்டுக்கு மறுபக்கம் மாட்டிக்கொண்ட கேமராவுக்கு வெட்டினால், திரையில் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும்.

அந்த இயக்குநரோடு பிறகு உட்கார்ந்து பேசினேன். இரண்டு கேமரா வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே ஆள் மேல் வையுங்கள் என்றேன். பக்கத்துப் பக்கத்தில், ஒன்று மிட் ஷாட், ஒன்று நல்ல டைட் குளோசப். லைட் ஒரு திசைக்குப் போட்டால் போதும், பூம் கீழே இறங்கலாம், டம்ளர் எப்போது கீழே போனாலும் இரண்டிலும் ஒரே நொடியில்தான் போகும். இரண்டு ஷாட்டிலும் ஆள் தெரிகிற அளவில் மட்டும் நல்ல வித்தியாசம் வேண்டும், இல்லையென்றால் வெட்டுகிற இடத்தில் படம் துள்ளுவதுபோல் தெரியும்.

அடுத்த ஷெட்யூலில் அப்படியே எடுத்தார். அப்பாவும் மகனும் பேசும் ஆறு நிமிடக் காட்சி, முக்கால் மணி நேரத்தில் முதல் கட் முடிந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், பி கேமராவின் பாதி டேக்கில் கிளாப் போர்டு ஃப்ரேமுக்குள்ளேயே வரவில்லை.