அரக்கனின் நிபந்தனையும் அமாயித்தோனின் ஏரும்

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளில் உழவுக்குரியவனாக வரும் அமாயித்தோன், தோன் என்பவளின் மகன். அவனுக்கென ஒரு கோயிலோ கல்வெட்டோ கிடைத்ததில்லை. பழைய கெல்டியத் தெய்வமொன்றின் எச்சமாக அறிஞர்கள் அவனைக் கருதுவது, இடைக்காலக் கையெழுத்துப் படிகளில் எஞ்சிய சில வரிகளைக் கொண்டுதான். அவற்றுள் முக்கியமானவை ‘கில்ஹுக்கும் ஒல்வெனும்’ என்ற கதையில் உள்ளன. மகளை மணக்க வந்த இளைஞனுக்கு அரக்கன் அஸ்பதாதென் ஒரு நிபந்தனை விதிக்கிறான்: எதிரே தெரியும் காட்டுமேட்டை வேரோடு களைந்து, அங்கேயே எரித்து, சாம்பலை எருவாக்கி, உழுது விதைத்து, ஒரே நாளில் விளைவித்த தானியத்தால் திருமண விருந்து படைக்க வேண்டும். அந்நிலத்தை உழ அமாயித்தோன் ஒருவனாலேயே முடியும், அவனோ தானாக வரமாட்டான்.

‘ஒரே நாள்’ என்பதை விட்டுவிட்டால், காட்டை வயலாக்கும் உண்மையான முறை இதுவே. மழை மிகுந்த வேல்ஸின் மேட்டுநிலங்களில் சுண்ணமும் பொட்டாசியமும் நீரோடு அடியில் இறங்கிவிடுவதால் மண் புளித்துப்போகிறது. அத்தகைய அமில மண்ணில் கரையும் அலுமினியம் வேர்களைக் கெடுக்கிறது, பாஸ்பரஸும் பயிருக்கு எட்டாமல் மண்ணோடு பிணைந்துகொள்கிறது. மரச்சாம்பலில் உள்ள கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் அந்தப் புளிப்பை முறிக்கின்றன. தாவரங்களில் இருந்த நைட்ரஜனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும் என்பதால், இந்த வளம் நெடுநாள் நிலைக்காது.

இரும்புக்காலப் பிரிட்டனின் ஏர், நம் நாட்டுக் கலப்பையைப் போலவே மண்ணைப் புரட்டாமல் கீறிச் செல்வது. எனவே ஒருமுறை உழுத வயலைக் குறுக்காக மறுபடியும் உழுதார்கள். அக்காலத்துச் சதுர வடிவச் சிறு வயல்களுக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1972-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், பழங்கால உழவைச் சோதித்தறியத் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ் தொடங்கிய பட்சர் பண்ணையில், டெக்ஸ்டர் என்னும் குட்டை இன மாடுகளைப் பூட்டி இவ்வகை ஏர்களை ஓட்டிப் பார்த்தனர். கல்லும் வேரும் நிறைந்த புதுநிலத்தில் தேனிரும்புக் கொழு விரைவில் மழுங்கும். அதைக் காய்ச்சித் தட்டிக் கூராக்கக் கொல்லன் அருகிலேயே இருந்தாக வேண்டும். அமாயித்தோனின் உடன்பிறந்த கொல்லன் கோவன்னோன் வயலோரத்துக்கே வந்து இரும்பைச் சீராக்க வேண்டும் என்று அரக்கன் அடுத்ததாகக் கேட்பதில், உழவறிந்த எவருக்கும் வியப்பிருக்காது.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது ஆளி விதை பற்றிய நிபந்தனைதான். முன்னொரு நாள் செம்மண்ணில் ஒன்பது மரக்கால் விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று குறைபடும் அரக்கன், அதே விதையைத் திரட்டி, புதிதாகத் திருத்திய நிலத்தில் விதைத்து, மகளின் மணத்திரைக்கு நார் எடுக்கச் சொல்கிறான். எரியும் புற்றிலிருந்து காப்பாற்றப்பட்ட எறும்புகள் அவ்விதையைப் பொறுக்கித் தருகின்றன. எஞ்சிய ஒரு விதையை நொண்டி எறும்பொன்று இருட்டுவதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆளியைத் தொடர்ந்து பயிரிட்ட மண்ணில் பியூசேரியம் என்னும் வாடல்நோய்ப் பூஞ்சை பெருகிப் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. அமெரிக்கக் குடியேறிகள் ஆளியைப் புதுநிலம் தேடிப் பயிரிட்டு வந்ததற்கும் இந்த நோயே காரணம்.