நீண்ட விழிக்குப் புது வில்லை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் எது, காங்கேசன்துறை பஸ் எது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறவர்கள் எல்லாரும் எழுத்தறியாதவர்கள் இல்லை. மைனஸ் 12 பவர் குறும்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால், 8 சென்ரிமீற்றருக்கு அப்பால் எல்லாமே மங்கல்.

காரணம் பெரும்பாலும் விழியின் நீளம். முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய விழி, இவர்களுக்கு 28, 29 வரை நீண்டிருக்கும். ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. லேசரால் கருவிழிப் படலத்தைச் செதுக்கலாம்தான்; ஆனால் அதன் தடிப்பே அரை மில்லிமீற்றர். இவ்வளவு பவருக்குச் செதுக்கினால் மிஞ்சுவது போதாது.

அதனால் கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லையை, அதாவது லென்ஸை, மாற்றுகிறார்கள். விறைப்பு மருந்து விட்டு, கருவிழி ஓரத்தில் 2, 3 மில்லிமீற்றர் கீறல். வில்லை இருக்கும் மெல்லிய பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, கழியொலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வால் வில்லையை நொறுக்கி உறிஞ்சி எடுப்பார்கள். வெறும் பைக்குள் மடித்த செயற்கை வில்லை போய் விரியும். அம்மம்மாக்களுக்குச் செய்கிற கண்புரைச் சத்திரசிகிச்சையேதான். இங்கே எடுப்பது புரையில்லாத தெளிந்த வில்லை.

சாதாரண கண்ணுக்கு 20 டயப்டர் (வில்லைப் பவரின் அலகு) அளவில் வைக்கும் வில்லை, இந்த நீண்ட கண்ணுக்கு 5, 6 இருந்தாலே போதும். 1949இல் லண்டனில் கண் வைத்தியர் ஹரல்ட் றிட்லி முதல் செயற்கை வில்லையைப் பொருத்துவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஃபுகாலா என்ற வைத்தியர் கடும் குறும்பார்வைக்காரரின் வில்லையை எடுத்துவிட்டு, பதிலுக்கு எதையும் வைக்காமலே விட்டார். மிக நீண்ட விழிக்கு அந்த வில்லை அவ்வளவு மேலதிகம்.

இயற்கை வில்லை தடித்தும் மெலிந்தும் கிட்டத்தையும் தூரத்தையும் மாறி மாறிக் காட்டும். வழமையான செயற்கை வில்லைக்கு அது இயலாது. பஸ் பலகை தெளியும். உதயன் பத்திரிகை வாசிக்கக் கண்ணாடி தேடவேண்டி வரும். ஆகவே 25 வயதுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன். இயற்கை வில்லையை விட்டுவைத்து, அதற்கு முன்னால் இன்னொன்றைப் பொருத்தும் முறை இருக்கிறது. அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்கட்டும். 50 தாண்டி, புரையும் தொடங்கியவருக்கு வில்லை மாற்றம் பொருந்தும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. வில்லை மாறினாலும் விழியின் நீளம் அப்படியே இருக்கிறது. இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே. தடித்த வில்லை இருந்த இடத்தில் மெல்லியது வந்ததும், பின்னாலுள்ள ஜெலி முன்னே நகர்ந்து விழித்திரையை இழுத்துக் கிழிக்கக்கூடும். கண்ணாடி போனதும் கண் சுகம் என்று கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறார்கள். கண்ணுக்குள் மின்னல், திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருட்டு: ஒன்று வந்தாலும் அன்றைக்கே காட்டவேண்டும். வலி இராது, அதனால்தான் பிந்துகிறார்கள். நெடுந்தீவில் இருப்பவர் என்றால், அடுத்த படகிலேயே ஏறுங்கள்.