கோடிட்ட இடத்துக்குச் சொல் எங்கிருந்து வருகிறது?

வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான வகைக் கேள்வி இது: ‘ஆல்தோ த ரோடு வாஸ் ____, த டிரைவர் டிட் நாட் ஸ்லோ டவுன்.’ விடைகள்: ஸ்மூத், எம்ப்டி, வைட், ஸ்லிப்பரி.

நான்குமே சாலைக்குப் பொருந்தும் சொற்கள்தான். தீர்ப்புச் சொல்வது முதலில் நிற்கும் ‘ஆல்தோ’. ‘அப்படி இருந்தும்’ என்று அது சொல்கிறது. அதாவது, வேகத்தைக் குறைத்திருக்க வேண்டிய சாலை. ஆனால் டிரைவர் குறைக்கவில்லை. வழுக்குகிற சாலைதானே அது? விடை ஸ்லிப்பரி. ‘ஆல்தோ’வை எடுத்துவிட்டு ‘பிகாஸ்’ போட்டுப் பாருங்கள். ஸ்லிப்பரி வெளியே போய்விடும், மற்ற மூன்றும் உள்ளே வந்துவிடும்!

அதனால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படியுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் பலர் தவறுகிறார்கள். மனதில் ஒரு சொல் தோன்றும், தமிழிலேயே தோன்றினாலும் போதும். பிறகு கையை எடுத்து, அதற்கு நெருக்கமானதைத் தேடுங்கள்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம், மூளை அடுத்த சொல்லை எதிர்பார்த்துக்கொண்டே படிப்பதுதான். 1980இல் மார்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் ‘சூடான ரொட்டியில் சாக்ஸைத் தடவினான்’ என்பது போன்ற ஆங்கில வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். பொருந்தாத சொல் கண்ணில் பட்ட சுமார் 400 மில்லி விநாடியில் அலை தனியாகத் தெரிந்தது.

பொருளைவிட நம்மை அதிகம் ஏமாற்றுவது சொற்களின் கூட்டு. ‘பலத்த மழை’ என்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, டீ ‘ஸ்ட்ராங்’. ‘பற்றி’ நம் நாக்கில் இருப்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ வருகிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்கு அந்த ‘அபௌட்’ வேண்டியதில்லை. கோட்டுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ நின்றால் ‘ரிஃப்ரெய்ன்’ பொருந்தலாம், ‘அவாய்ட்’ பொருந்தாது. இவற்றை விதியாகப் படிப்பதைவிட ஜோடியாக எழுதிவைத்துப் பழகுவதே பலன் தரும்.

கோட்டுக்கு முன் ‘அன்’ இருந்தால் உயிரொலியில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். எழுத்தை நம்ப வேண்டாம். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கில ‘அவர்’ ஹெச்சில் தொடங்கினாலும் ‘அன்’ ஏற்கும். ‘யூனிவர்சிட்டி’ யூவில் தொடங்கினாலும் ‘ஏ’தான்.