கேட் வரைக்கும் போய்த் திரும்புகிறவர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நாற்பது வயதைத் தாண்டிய கொத்தனார். எங்கள் குடிநோய் வார்டில் பத்து நாள் இருந்து, கை நடுக்கம் நின்று, இட்லி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடும் நிலைக்கு வந்து டிஸ்சார்ஜ் ஆனவர். போன வாரம் வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி குடித்திருக்கிறார், அப்புறம் பயந்துபோய்த் தானாகவே சட்டென்று நிறுத்தியிருக்கிறார். நாக்கைக் கடித்திருந்தார். சட்டைப் பையில், குடியை விட உதவும் ஏஏ கூட்டத்துக்குப் போகச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சீட்டு நாலாக மடித்தபடியே இருந்தது: 'செவ்வாய், வெள்ளி. மாலை 7. சர்ச் பின்புறம், மாடி அறை.'

தெளிந்த பிறகு கேட்டேன், போனீர்களா என்று.

"கேட் வரைக்கும் போனேன் சார். மேல சிலுவை இருந்துச்சு. வீட்டுக்குப் போன் போட்டேன். மதம் மாத்திருவாங்க, பேசாம வந்துருங்கன்னுட்டா."

திரும்பி வரும் வழியில் டாஸ்மாக். சொல்லவா வேண்டும்?

இதைப் பொறுமையாகத்தான் எழுதுகிறேன். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பல ஊர்களில் சர்ச் வளாகத்தில் கூடுவதற்குக் காரணம் வாடகை. வாடகை மட்டும்தான். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் நடத்தும் குழு அது. வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் அதில் போடும் பத்து இருபதில்தான் அறை வாடகையும் டீச் செலவும். இல்லாதவர் போட வேண்டியதில்லை. அந்தக் காசுக்குக் கல்யாண மண்டபமா பிடிக்க முடியும்? மாலையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூட வகுப்பறையோ சர்ச் அறையோதான் கிடைக்கும். 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் இதைத் தொடங்கியவர்கள் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும். பாதிரியார்கள் இல்லை, இரண்டு பேருமே குடிநோயாளிகள்.

கடவுள் என்ற சொல் அங்கே வரும், அதை மறைக்கவில்லை. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றே இருக்கிறது. முருகனை நினைப்பவர் முருகனை நினைக்கட்டும், தொழுகை முடித்து வருகிறவரும் வரட்டும். கடவுளே இல்லை என்கிறவர்கள் அந்தக் குழுவையே தங்களை விடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் முடியும்போது சொல்லும் சின்னப் பிரார்த்தனைக்கு வாயைத் திறக்காமல் நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே வரத் தேவையானது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. முகவரி கேட்க மாட்டார்கள், முழுப் பெயர்கூட வேண்டாம்.

இன்னொரு பயமும் உண்டு. "வேன்ல வந்து பிடிச்சிட்டுப் போவாங்களா?" இல்லை. அது வேறு சமாச்சாரம். அப்படிப் பிடித்துப்போகும் போதை மீட்பு 'மையங்கள்' பற்றித் தனியாக எழுதவே எனக்கு ஆத்திரம் இருக்கிறது. ஏஏ ஒரு மணி, ஒன்றரை மணி நேரக் கூட்டம். கட்டணம் கேட்டால் அது ஏஏ இல்லை.

சரி, எங்கே தேடுவது? ஏஏவுக்கு இந்தியாவில் உதவி எண்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரோடு தேடினால் கிடைக்கும். போன் எடுப்பவரே குடியை விட்டவராக இருப்பார். மூன்று விஷயம் கேளுங்கள்: தமிழிலா, ஆங்கிலத்திலா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? இந்த வாரமும் அதே அறையா? திறந்த கூட்டத்துக்கு மனைவியையோ அண்ணனையோ கூட்டிப்போகலாம், மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். அறை மாறிவிட்டது தெரியாமல் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு டாஸ்மாக் போனவர்களும் என் கணக்கில் இருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் நிறைந்த அறைக்குப் போகத் தயங்கும் பெண்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. அம்மா, நீங்கள் அங்கே போங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒருவர் தன் கதையை முக்கால் மணி நேரம் இழுப்பார். வேறு குழுவுக்குப் போங்கள். ஒரு தடவை போய்விட்டு 'எனக்கு ஒத்துவரலை' என்று என்னிடம் வராதீர்கள்.

தினமும் குடிப்பவர் கூட்டத்தை நம்பிச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, அப்புறம் கூட்டம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். கூட்டத்தில் யாராவது 'மாத்திரையெல்லாம் எதுக்கு, விட்டுருங்க' என்றால் கும்பிட்டுவிட்டு மாத்திரையைத் தொடருங்கள். வீட்டில் உள்ளவர்கள் அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை மறக்கடிக்கும் பொடி கலக்கும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பொடியில் டைசல்பிரம் (சாராயத்தோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப்போடும் மருந்து) இருந்து, தெரியாமல் அவர் குடித்தால் பிரஷர் இறங்கி ஐசியுவில் கிடக்க நேரலாம்.

என் பங்குக்கு நானும் ஒன்றைத் திருத்திக்கொண்டேன். சீட்டு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். நோயாளி எதிரில் இருக்கும்போதே ஏஏ உறுப்பினர் ஒருவருக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன். கொத்தனாரிடம் அவர் அதிகம் பேசவில்லை. "செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு சர்ச் எதிர் டீக்கடையில நிக்கிறேன். நீல சட்டை. டீ சாப்டுட்டு சேர்ந்தே உள்ள போவோம்" என்றார். போனைத் திருப்பித் தந்துவிட்டு கொத்தனார் கேட்டார்: "சார், நானும் நீல சட்டையே போட்டுக்கட்டுமா?"