சுவர் குடிக்கும் காற்று

சோழவந்தானில் நாங்கள் குடிவந்த வீட்டின் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கும். என் மகள் ஒரு சில்லை நகத்தால் பெயர்த்தாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். அந்தச் சில்லை வாங்கி விரலிடுக்கில் நெருடிப் பார்த்தார்.

“உப்புப் பூத்திருக்கிறது, தாயி. சுவருக்கு மூச்சு முட்டுகிறது” என்றார்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் அதற்கு முந்தைய நாள்தான் வந்து பார்த்து, பழைய பூச்சை உதிர்த்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே நீர் புகாத பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சொல்லிப் போயிருந்தார். வீடு வாங்கியதில் கையிருப்பு கரைந்திருந்தது. எந்த வேலையானாலும் நாங்களே செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் எதைச் செய்வது? சுவருக்கு மூச்சு உண்டு என்று பெரியவர் சொன்னது வெறும் பேச்சா, அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் சுண்ணாம்பின் கதைக்குள் நுழைந்தேன்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டியது. செங்கல் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துளைகளின் வழியே மண்ணின் ஈரம் மேலே ஏறும். பாடப்புத்தகம் இதை நுண்புழை ஏற்றம் என்கிறது. துளை குறுகக் குறுகத் தண்ணீர் அதிகம் ஏறும் என்பதுதான் இதில் விசேஷம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 15 மில்லிமீட்டர்தான் ஏறும். அந்த ஆரத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் ஏறிவிடும்.

எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 1895-இல் பெரியாறு அணை வந்ததிலிருந்து மலைக்கு அப்பாலிருந்து திருப்பிவிடப்படும் தண்ணீர் வைகை வழியாக வந்து இந்த வட்டாரத்து வயல்களில் பாய்கிறது. நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஊர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறுகளிலும் நீர் மேலேறும். சுவரில் ஈரக்கோடும் கூடவே ஏறும்.

அப்படியென்றால் ஏன் எல்லாப் பழைய சுவர்களும் உச்சி வரை நனைந்து போகவில்லை? ஏறுகிற தண்ணீர் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால்தான். கீழிருந்து வருவதும் மேற்பரப்பில் ஆவியாகிப் போவதும் எந்த உயரத்தில் சரிசமமாகிறதோ அங்கே ஈரம் நின்றுவிடும். இப்போது அந்த மேற்பரப்பை நெருக்கமான சிமெண்ட் பூச்சாலோ பிளாஸ்டிக் பெயிண்டாலோ மூடினால் என்ன ஆகும்? தண்ணீர் வருவது நிற்காது. போகும் வழி மட்டும் அடைபடும். எனவே ஈரம் இன்னும் மேலே ஏறிப் புது வழி தேடும். முழங்கால் உயரத்தில் இருந்த கோடு, வீட்டை விற்றவர் பெயிண்ட் அடித்த பிறகுதான் இடுப்புக்கு ஏறியது என்று பெரியவர் சொன்னபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வருகிற தண்ணீர் வெறும் தண்ணீருமல்ல. மண்ணில் உள்ள சல்ஃபேட், நைட்ரேட், குளோரைடு உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாக நின்றுவிடும். திறந்த சுவரில் அது வெளிப்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பெயிண்ட் படலத்துக்குப் பின்னால் சிக்கினால் அங்கேயே படிகம் வளர்ந்து படலத்தை நெம்பித் தள்ளும். செங்கல்லின் துளைக்குள்ளேயே வளர்ந்தால் செங்கல் பொடிந்துபோகும். மகள் பெயர்த்த சில்லின் பின்னால் இருந்த பஞ்சு இப்படி வளர்ந்த உப்புப் படிகம்தான்.

ஆகவே எங்களுக்குத் தேவை சுவரில் ஒட்டிக்கொள்ளவும் வேண்டும், ஆவியை வெளியே விடவும் வேண்டும் என்ற இரண்டையும் செய்கிற ஒரு பூச்சு. அந்த இரண்டையும் சுண்ணாம்பு செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதை வெற்றிலைச் செல்லம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள் பாதி அறிந்தே இருப்பார்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பை நினைத்துப் பாருங்கள். டப்பிக்குள் வெண்ணெய் போல இருப்பது, மூடி ஓரத்தில் ஒட்டியது மட்டும் கல்லாகி, கத்தியால் சுரண்டினாலும் வராது. காய்ந்ததால் கெட்டியானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்தது மட்டும்தான் காரணமென்றால், தண்ணீர் விட்டுக் குழைத்ததும் பழைய வெண்ணெயாகத் திரும்பியிருக்க வேண்டும். திரும்புவதில்லை. அது வேறு பொருளாக மாறிவிட்டது.

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் அதுவே. காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் கையில் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. இந்த 56 கிலோவைத் தண்ணீரில் போட்டால் 18 கிலோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் தடவினால் காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, குடித்த 18 கிலோ தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாக நிற்கும். கல்லாகத் தொடங்கிக் கல்லாகவே முடிகிறது. காளவாயில் எரித்த விறகு, நிலக்கரியின் புகை இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதியிருப்போம், அது பால் போலக் கலங்கும். மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதற்கு அது சான்று என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். அந்தப் பால்நிறம், நீரில் பிறந்த கல்துகள். கூடத்துச் சுவரில் நடப்பதும் அதே சோதனைதான், காற்றில் அந்த வாயு 0.04 சதவீதமே இருப்பதால் மெதுவாக நடக்கிறது. இப்படி உண்டாகும் கல்படலத்தில் நுண்துளைகள் மூடிப்போவதில்லை. அதன் வழியே ஆவி தாராளமாகப் போய்வரும். பெரியவர் சொன்ன மூச்சு இதுதான். சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, போகவிடும்.

நீற்றும் வேலையை முதலில் வாசல் முற்றத்தில் செய்தோம். இரும்புத் தொட்டியில் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரைக் கொட்டினால் வெடித்துத் தெறிக்கும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம், வீணாகாமல் பிடித்தால், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். முதல் கட்டி சில நொடி சும்மா கிடந்தது. பிறகு விரிசல் விட்டு, உஸ்ஸென்று இரைந்து, அரிசி உலை போலத் தளதளவென்று கொதித்தது. அடுப்பில்லாத அந்தக் கொதியை மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தேன். பிளாஸ்டிக் வாளி இந்தச் சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் போகவே கூடாது. கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், பார்வையைப் பறிக்கக்கூடிய காரம் அது. சுவரில் பூஞ்சையும் கிருமியும் தங்காமல் இருப்பதற்கும் அந்தக் காரமே காரணம்.

கிலோவுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல், பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டல். நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் வச்சிரப் பசை.

இத்தனையும் சரியாகச் செய்தும் எங்கள் முதல் சுவர் கெட்டது. ஆவணியில் குடிவந்த அவசரத்தில், மேற்கு வெயில் அறையும் பின்பக்கச் சுவரில் பிற்பகலில் அடித்தோம். அரை மணி நேரத்தில் பளீரென்று வெளுத்தது. மறுநாள் சாய்ந்த என் மகளின் பாவாடை முழுக்க வெள்ளை. தொட்டால் மாவு போல உதிர்ந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள வெகு நேரம் ஆனது. கார்பன் டை ஆக்சைடு நேராக வந்து சுண்ணாம்போடு சேர்வதில்லை. துளைகளின் சுவரில் உள்ள மெல்லிய ஈரப்படலத்தில் அது முதலில் கரைய வேண்டும். நீற்றிய சுண்ணாம்பும் அதில் கரைய வேண்டும், லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சமே கரையும் என்றாலும். இரண்டும் அந்தத் தண்ணீரில் சந்தித்தால்தான் கல் பிறக்கும். வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு வெறும் பொடியாகவே நின்றுவிடும். மறுபக்கம், துளை முழுக்கத் தண்ணீர் நிரம்பி நின்றாலும் வேலை நடக்காது. இந்த வாயு தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நனைந்தும் நனையாத நிலைதான் சுண்ணாம்புக்கு வேண்டியது.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் பழக்கத்தை நான் பண்டிகைச் சடங்காக மட்டுமே பார்த்திருந்தேன். மார்கழியில் வெயில் தணிந்திருக்கும், பனி இறங்கும், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். சுண்ணாம்பு கல்லாவதற்கு மதுரைப் பக்கத்தில் அதைவிட நல்ல மாதம் கிடைக்காது. அறுவடையும் ஓய்வும் கூடிவரும் நேரம் என்பதும் காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் சித்திரை வெயிலில் யாரும் வெள்ளையடிக்காததில் அனுபவத்தின் கை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்கழி வரை காத்திருந்தோம். அதற்குள் கூடத்தின் பெயிண்டை முழுவதும் சுரண்டினோம், பிளாஸ்டிக் படலத்தின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்து, தூசி கிளம்பாமல் சுரண்டினோம். அந்த ஒரு வேலைக்கே பதினைந்து நாள். பொடிந்த இடங்களில் மணலும் சுண்ணாம்பும் சேர்த்த சாந்தைப் பூசினோம்.

பிறகு ஒரு மாலையில் சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஊறவைத்த நார் மட்டையால் முதல் பூச்சு அடித்தோம். அடித்த இடம் தெரியவே இல்லை. பழைய சாந்தின் பழுப்பு அப்படியே ஈரமாகத் தெரிந்தது. என் கணவர் இன்னும் கெட்டியாகக் கரைக்கலாம் என்றார். வேண்டாம், படுத்துத் தூங்குங்கள் என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். விடிகாலையில் எழுந்து வந்தபோது விளக்குப் போடாமலே கூடம் வெளிச்சமாக இருந்தது.

அரிசிமாவில் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இழைக்கும்போது மங்கலாக இருக்கும் மாக்கோலம் காய்ந்தபின்தான் எடுப்பாகத் தெரியும். வெண்மை என்பது துகள்களின் விளிம்பில் ஒளி சிதறுவதால் வருவது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, சுண்ணாம்புக்குச் சுமார் 1.6. துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, ஒளி பெரிதும் சிதறாமல் உள்ளே போய்ப் பழைய சுவரைக் காட்டிவிடும். தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் வித்தியாசம் கூடி, எல்லாத் திசையிலும் ஒளி சிதறும். இது தெரியாமல் வெளுக்கவில்லை என்று கெட்டியாக அப்பினால், உள்ளே கல்லாகாமல் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள், நடுவில் லேசாகத் தண்ணீர் தெளிப்பு. கடைசிப் பூச்சில் ஒரு சிட்டிகை நீலம். கல்லில் கலந்த இரும்பு தரும் மஞ்சள் சாயலை அது கண்ணுக்கு மறைக்கும்.

மதுரைக்குப் போகும்போது திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையின் பருத்த தூண்கள் சுண்ணாம்புச் சுதை பூசி மெருகேற்றியவை. சிதைந்துகிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சீரமைக்கச் செய்தார். அந்தப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்ததாகச் சொல்வார்கள். கடுக்காயும் வெல்லமும் நம் பக்கத்துச் சாந்தில் வழக்கமாகச் சேர்ந்தவை. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு பல மடங்கு கூடுதலாகக் கரையும், அதனால் துளைகளுக்குள் ஆழமாகப் போய்ச் சேரும். கொத்தனார்கள் கண்டுபிடித்து வைத்த வேதியியல் இது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் திறந்தபோது கூடத்துச் சுவரில் ஈரக்கோடு மறுபடி தெரிந்தது, என் முழங்காலுக்குச் சற்று மேலே. உப்பு மெல்லியதாகப் பூத்தது, தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டோம். அந்த இடத்தில் மட்டும் மார்கழியில் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். மீதிச் சுண்ணாம்பு கொல்லையில் பழைய மண்பானையில் இருக்கிறது. மேலே நாலு விரற்கடை தண்ணீர் நிற்கும்வரை காற்று அதைத் தொடாது, வெண்ணெயாகவே கிடக்கும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது மகளின் பொறுப்பு.